தோட்டமும் தோட்டமும்: உழைப்பு, உவகை, உரிமை பற்றிய ஓர் ஒழுக்கவியல் நோக்கு

தமிழிலே ‘தோட்டம்’ என்னும் சொல்லின் பொருட்பரப்பு வியப்புக்குரியது. வீட்டின் பின்புறத்தே நான்கு பாத்திகள் கட்டிக் கீரையும் மிளகாயும் வைத்தால் அது தோட்டம். ஆயிரம் ஏக்கர் மலைச்சரிவை ஒரே பயிரால் மூடி, நடுவே தொழிற்சாலை ஒன்றை எழுப்பி, அதன் விளைவைக் கடல்கடந்த சந்தைக்கு அனுப்பினால் அதுவும் தோட்டமே. ஆங்கிலத்திலும் தேயிலை நிலத்தைப் பூந்தோட்டத்துக்குரிய சொல்லாலேயே சுட்டும் வழக்கு உண்டு, சி. வி. வேலுப்பிள்ளை 1954ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆங்கிலக் கவிதைநூலின் தலைப்பிலும் அவ்வழக்கே இடம்பெற்றது. எனினும் இலங்கையின் மத்திய மலைநாட்டில் வாழும் தமிழருக்கு இச்சொல்லின் இரு பொருள்களும் ஒரே வாழ்வின் இரு முகங்களாகும். வாரத்தின் ஆறு நாட்களும் அவர்கள் ஒரு தோட்டத்தில் நிற்கின்றனர். ஏழாம் நாள் மற்றொரு தோட்டத்துக்குச் செல்கின்றனர். முன்னையதில் அவர்கள் அடைவது களைப்பு. பின்னையதில் அடைவது உவகை. மண் ஒன்று, கை ஒன்று, குனிந்து நிமிரும் முதுகும் ஒன்று. அவ்வாறாயின் இவ்வேறுபாடு எங்கிருந்து பிறக்கின்றது? இக்கேள்வி எளியதுபோலத் தோன்றினும், உழைப்பு என்பது யாது, ஓய்வு என்பது யாது, ஒருவனுக்கு உரியது எது என்னும் ஒழுக்கவியலின் அடிப்படை வினாக்கள் யாவும் இதனுள் அடங்கிக் கிடக்கின்றன.

இவ்வினாவை ஆராயுமுன் அவ்விரு தோட்டங்களின் வரலாற்றையும் சுருக்கமாக நோக்குதல் தகும். 1867ஆம் ஆண்டில் ஜேம்ஸ் டெய்லர் என்னும் ஸ்கொத்லாந்தியர் கண்டி மாவட்டத்து லூல்கந்துரத் தோட்டத்தில் 19 ஏக்கர் நிலத்தில் வர்த்தக நோக்குடன் தேயிலை பயிரிட்டார். 1869இல் தலைகாட்டிய இலைத்துரு நோய் அடுத்த இருபது ஆண்டுகளுக்குள் கோப்பிப் பயிர்ச்செய்கையை நிலைகுலையச் செய்யவே, ஹற்றன், டிக்கோயா, மஸ்கெலியா, நுவரெலியாப் பகுதிகளின் மலைகள் ஒவ்வொன்றாகத் தேயிலையின் வசமாயின. தமிழகத்து மாவட்டங்களிலிருந்து வந்த குடும்பங்கள் அம்மலைகளிலே வரிசை வரிசையாகக் கட்டப்பட்ட லயங்களில், பத்தடிக்குப் பன்னிரண்டடியே கொண்ட அறைகளில் குடியமர்த்தப்பட்டன. இஃது ஒரு தோட்டத்தின் கதை.

மற்றைய தோட்டத்துக்கும் வரலாறு உண்டு. தேயிலை வருமுன்னரே, 1840களின் இறுதியில், சாமுவேல் பேக்கர் நுவரெலியாவில் ஐரோப்பியரின் குடியேற்றம் ஒன்றை அமைத்து அங்கே குளிர்நாட்டு மரக்கறிகளைப் பயிரிட முனைந்தார். 1861இல் சிங்கோனாப் பயிருக்கான பரிசோதனை நிலமாகத் தொடங்கப்பட்ட ஹக்கலைத் தோட்டம் நாளடைவில் புகழ்பெற்ற பூங்காவாயிற்று. துரைமாரின் பங்களாக்களைச் சூழ்ந்து புற்றரைகளும் றோசாப் பாத்திகளும் தோன்றின. வார இறுதியிலே தோட்டத்தில் உலாவிப் பூக்களைக் கண்டு மகிழ்தல் என்னும் இன்பம் இம்மலைகளில் முதன்முதல் நாகரிக வாழ்வின் அடையாளமாக அறியப்பட்டது அங்கேதான். ஆனால் அப்புற்றரையை வெட்டியதும், அப்பாத்திகளைக் கொத்தியதும், அவற்றுக்கு நீர் வார்த்ததும் பங்களாத் தோட்டக்காரனின் கைகள். அவன் தன் லயத்துக்குத் திரும்பும்போது அனுபவத்தையும் சில வேளைகளில் ஒரு டேலியாக் கிழங்கையும் உடன்கொண்டு சென்றிருத்தல் கூடும். லயத்தின் ஓரத்திலும், நீரோடைக் கரையிலும், தேயிலை பிடிக்காத கற்பாங்கான மூலைகளிலும் தொழிலாளர் தமக்கெனத் திருத்திக்கொண்ட சிறு துண்டுகளே இரண்டாவது தோட்டமாகும்.

அத்துண்டில் ஒரு கோடைகால வார இறுதி எவ்வாறு கழிகின்றது என்பதைக் காணல் வேண்டும். ஹற்றன் பக்கத்திலே கோடை என்பது நீண்ட பருவமன்று. தை, மாசி மாதத்து விடியல்களில் நுவரெலியாவின் பள்ளங்களில் உறைபனி படிந்து கொழுந்தைக் கருக்குவதுண்டு. மே மாத இறுதியில் தென்மேல் பருவப்பெயர்ச்சி மழை இறங்கிவிட்டால் மாதக்கணக்கில் வானம் வெளுப்பதரிது. இவ்விரண்டுக்கும் இடையே பங்குனியிலும் சித்திரையிலும் காலைவெயிலும் மாலை இடிமழையுமாக அமையும் சில வாரங்களே அங்கு கோடை எனப்படுவன. பாடசாலை விடுமுறையும் சித்திரைப் புத்தாண்டும் சேர்ந்து வருகின்ற காலமும் அதுவே. கொழும்பிலே கடைகளிலும் வீடுகளிலும் வேலைபார்க்கும் பிள்ளைகள் பொதிகளுடன் வந்து சேர்வதும் அப்போதுதான்.

‘வார இறுதி’ என்னும் தொடர் அலுவலகப் பணியாளருக்கு இரண்டு முழு நாட்களைக் குறிக்கும். தோட்டத் தொழிலாளிக்கு அது சனிக்கிழமை மாலை கொழுந்தை நிறுத்துக் கூடையை இறக்கிய நேரத்திலிருந்து தொடங்குகின்றது. எஞ்சியிருக்கும் வெளிச்சத்தில் தந்தை முள்ளை எடுத்துக்கொண்டு பாத்தியின் ஒரு மூலையைப் புரட்டிவைக்கின்றார். ஞாயிற்றுக்கிழமை காலையில் குடும்பம் முழுவதும் அங்கே இருக்கின்றது. கொழும்பிலிருந்து வந்த மகன் மாட்டுப்பட்டியிலிருந்து எருவைச் சாக்கில் சுமந்து வருகின்றான். நகரத்துக் கடையில் மென்மைப்பட்டுவிட்ட அவனது உள்ளங்கையைக் கண்டு தங்கை நகைக்கின்றாள். தாய் போஞ்சிக்குக் கொடிக்கம்பு நாட்டுகின்றாள். கரட் நாற்றுகள் நெருங்கி முளைத்த இடத்தில் எவற்றைப் பிடுங்குவது, எவற்றை விடுவது என்பதைப் பத்து வயதுச் சிறுமிக்கு அப்பாயி காட்டிக்கொடுக்கின்றாள். லீக்ஸ் பாத்திக்கு மண் அணைக்கப்படுகின்றது. கோவாவின் இலைகளைப் புரட்டிப் புழுக்கள் ஒவ்வொன்றாக எடுக்கப்படுகின்றன. முதல்நாள் இரவு முள்ளம்பன்றி புகுந்த இடைவெளி கம்பியாலும் முட்செடியாலும் அடைக்கப்படுகின்றது. நண்பகலிலே அவ்விடத்திலேயே அமர்ந்து ரொட்டியும் சம்பலும் உண்டு, வெறுந்தேநீர் அருந்துகின்றனர். பேச்சு ஓரிடத்தில் நிற்பதில்லை: பழைய கங்காணி ஒருவரின் கதை, திருவிழாவுக்கான வரிப்பணம், மணமாகிப் போன மூத்தவளின் கடிதம் என ஓடுகின்றது. மாலையிலே மழை இருண்டு வருகையில் ஆளுக்கொரு சிறு சுமையுடன் வீடு திரும்புகின்றனர். அடுத்த காம்பராவுக்குப் பிடியளவு கீரை போகின்றது.

இவ்வாறு கழிந்த நாளின் இறுதியில் உடல் களைத்திருக்கும், உள்ளம் களைத்திராது. திங்கட்கிழமை காலையில் பிரட்டுக்களத்தில் நிற்கும்போது இந்நிலை மாறிவிடுகின்றது. இம்மாற்றத்துக்குச் சொல்லப்படக்கூடிய காரணங்களை ஒவ்வொன்றாகப் பரிசீலித்தல் வேண்டும்.

முதலாவது, வேலையின் கடுமை பற்றியது. வீட்டுத்தோட்ட வேலை இலகுவானது, ஆதலின் அது இன்பம் தருகின்றது எனலாம். இது பொருந்தாது. முள்ளுக்குத்துதலும் எருச் சுமத்தலும் கொழுந்தெடுப்பதிலும் பார்க்க இலகுவானவை அல்ல. தேயிலை மலையிலே முள்ளுக்குத்தும் அதே மனிதரே இங்கும் குத்துகின்றார். இரண்டாவது, ஊதியம் பற்றியது. வீட்டுத்தோட்டம் அதிக வருவாய் தருகின்றது, ஆதலின் அது இனிக்கின்றது எனலாம். இதுவும் முழுமையாகப் பொருந்தாது. ஞாயிற்றுக்கிழமைகளில் ‘கைக்காசு’க்குக் கொழுந்தெடுக்கும் வாய்ப்பு வரும்போது, ஒரே நாளில் கையில் விழும் பணம் பாத்தியிலிருந்து அந்நாளில் கிடைப்பதை விஞ்சிவிடும். பணம் அவசரமாகத் தேவைப்படும் குடும்பம் கைக்காசுக்கே போகும். ஆனால் பாத்தியைத் திரும்பிப் பார்த்துக்கொண்டே போகும். பணத்தைத் தேர்ந்தோர் இன்பத்தை இழந்தவராகத் தம்மை உணர்வாராயின், இன்பம் பணத்தின் வேறாதல் வேண்டும். மூன்றாவது, மாற்றம் பற்றியது. ஆறு நாட்கள் ஒன்றைச் செய்தோருக்கு ஏழாம் நாள் வேறொன்று இனிக்கும் என்பர். ஆனால் இங்கே வேறொன்று செய்யப்படவில்லை. மண்வேலை செய்தோர் மண்வேலையே செய்கின்றனர். ஆகவே கடுமை, ஊதியம், மாற்றம் ஆகிய மூன்றாலும் இவ்வேறுபாட்டை விளக்க இயலாது.

நான்காவது காரணம் வலிமையுடையது. அது உடைமை பற்றியது. தேயிலை பிறர்க்குரியது, பாத்தி தமக்குரியது, ஆதலின் பாத்தியில் செய்யும் வேலை இன்பமாகின்றது என்பது அது. உடைமை பற்றிய நவீன சிந்தனையில் பெரும் செல்வாக்குப் பெற்ற கோட்பாடு ஜோன் லொக் என்னும் ஆங்கில மெய்யியலாளர் 1689இல் வெளியிட்ட அரசாங்கம் பற்றிய நூலில் காணப்படுகின்றது. மனிதன் தன் உடலுக்கு உரியவன். அவ்வுடலின் உழைப்பை இயற்கையோடு கலக்கும்போது அவ்வாறு கலந்த பொருளும் அவனுக்கு உரியதாகின்றது என்பது அவர் வாதம். இக்கோட்பாட்டை மலைநாட்டில் வைத்துப் பார்ப்போருக்கு வியப்பே மிஞ்சும். ஒன்றரை நூற்றாண்டுக்கு மேலாகத் தலைமுறை தலைமுறையாக உழைப்பைக் கலந்தோர்க்கு அம்மண்ணில் ஓரடியும் உரியதாகவில்லை. இதற்கான விடையும் லொக்கின் அதே அத்தியாயத்தில் உண்டு: தன் பணியாள் வெட்டிய புற்கரணையும் தன் உடைமையே என அவர் அங்கே கொள்கின்றார். உழைப்பை விற்றவனின் கை, வாங்கியவனின் கையாகக் கணிக்கப்படுகின்றது. கோட்பாட்டின் பொதுமை அந்த ஒரு வரியில் முறிந்துபோகின்றது.

வரலாறும் அவ்வழியே சென்றது. 1946ஆம் ஆண்டில் கேகாலை மாவட்டத்து உருளவள்ளியிலே நேவ்ஸ்மியர் தோட்ட நிலத்தை அரசு பொறுப்பேற்று அயற்கிராமத்தவர்க்குப் பகிர்ந்தளிக்க முற்பட்டபோது, அங்கு வாழ்ந்த தொழிலாளர் வெளியேற மறுத்தனர். அவர்களுக்காக மலைநாடெங்கும் பெரும் வேலைநிறுத்தம் எழுந்தது. 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டத்தின் விளைவாக மிகப் பெரும்பாலோர் நாடற்றோராயினர். 1964 ஒக்டோபரில் செய்யப்பட்ட ஸ்ரீமா–சாஸ்திரி ஒப்பந்தம் இலட்சக்கணக்கானோரை இந்தியாவுக்கு அனுப்புவதாகத் தீர்மானித்தது. பாத்திகளையும் அவற்றில் நின்ற பயிரையும் விட்டுச் சென்ற குடும்பங்கள் அநேகம். 1972, 1975ஆம் ஆண்டுகளின் காணிச் சீர்திருத்தங்களால் தோட்டங்கள் அரசுடைமையாயின. 1992இல் அவற்றின் முகாமை மீண்டும் கம்பனிகளிடம் சென்றது. உடைமையாளர் மாறினர், லயத்தோரத்துப் பாத்தி எவருடைய ஆட்சியிலும் அதில் பயிரிட்டோரின் சட்டபூர்வ உடைமையாக இருந்ததில்லை. அஃது அனுமதியால் அல்லது கண்டுங்காணாமையால் கிடைத்த நிலமாகவே இருந்து வந்தது.

இங்குதான் நான்காவது காரணமும் தடைப்படுகின்றது. பாத்தி சட்டப்படி தமக்குரியதன்று என்பதை நன்கறிந்தும் அக்குடும்பம் அங்கே உவகை கொள்கின்றது. அடுத்த ஆண்டு அவ்விடத்தில் பாதை வெட்டப்படலாம், அல்லது தேயிலை நடப்படலாம் என்பதையும் அது அறியும். ஆகவே உறுதிப்பத்திரம் வருமுன்னரே உவகை வந்துவிடுகின்றது. உடைமைக்கு முற்பட்டதாய், அதனினும் ஆழமானதாய் ஏதோ ஒன்று அங்கே அவர்களுக்கு உரியதாகின்றது. அது யாது என்பதே ஆராயப்பட வேண்டியது.

அதனை மூன்று கூறுகளாகப் பகுத்துக் காணலாம். முதலாவது கூறு எண்ணம். தேயிலை மலையிலே எந்த மலையில் நிற்பது, எவ்வரிசையைப் பிடிப்பது, எவ்வளவு பறித்தால் ‘பேர்’ விழும் என்பன பிறரால் முடிவுசெய்யப்படுகின்றன. தொழிலாளியின் அறிவு அங்கே விரலின் விரைவாக மட்டும் வேண்டப்படுகின்றது. பாத்தியிலோ, இம்முறை ராபு போடுவதா உருளைக்கிழங்கு போடுவதா, மழை எப்போது இறங்கும், எந்த மூலையில் வெயில் விழும் என்பனவற்றை அவரே எண்ணுகின்றார். பிழைத்தால் தாமே பிழைக்கின்றார். பிழைவிடும் உரிமையும் சிந்திக்கும் உரிமையின் ஒரு பகுதியே. இரண்டாவது கூறு பயன். தாம் பறித்த கொழுந்து எந்நாட்டில் எவர் கோப்பையில் வடிகின்றது என்பதைக் கொழுந்தெடுப்போர் அறியார். பாத்தியில் விளைந்த கோவா இரவுச் சோற்றுடன் தட்டில் விழுகின்றது. எஞ்சியது அடுத்த காம்பராவில் யாருக்குப் போகின்றது என்பதும் தெரிகின்றது. செயலின் தொடக்கமும் முடிவும் ஒரே கண்ணுக்குப் புலனாகின்றன. மூன்றாவது கூறு கையளித்தல். பிரட்டுக்களத்திலே தாய் மகளுக்கு எதையும் கற்பிப்பதில்லை. மகள் அங்கே வராமல் இருக்கவேண்டும் என்பதே தாயின் வேண்டுதல். பாத்தியிலோ அவள் விரும்பிக் கற்பிக்கின்றாள். தான் அறிந்ததை வெட்கமின்றிப் பிள்ளைக்குக் கொடுக்கக்கூடிய இடமாக அது அமைகின்றது.

செய்தல் என்பதை அரிஸ்டோட்டில் இருவகைப்படுத்தினார். ஒன்றன் பயன் அச்செயலுக்குப் புறம்பே உண்டாக்கப்படும் பொருளில் உள்ளது. மற்றொன்றன் பயன் அச்செயலிலேயே உள்ளது. இப்பகுப்பின்படி வீடு கட்டுதல் முன்னையது. நற்செயல் புரிதல் பின்னையது. குடும்பத்துடன் பாத்தியில் கழியும் ஞாயிற்றுக்கிழமை இரண்டையும் ஒன்றாக்குகின்றது. போஞ்சி விளைகின்றது, அது புறத்தே உண்டாகும் பொருள். அவ்விளைவு பொய்த்துப்போனாலும் அந்நாள் பொய்த்ததாகாது. ஏனெனில் ஒருவரோடொருவர் கூடியிருத்தல் அச்செயலுக்குள்ளேயே நிறைவெய்திவிட்டது. அடிமையை உயிருள்ள கருவி எனக் கருதிய அரிஸ்டோட்டில், இப்பகுப்பின் சிறப்பைக் கருவியாக நடத்தப்பட்டோரின் ஓய்வுநாளில் தேட எண்ணியிருக்கமாட்டார். ஆனால் அது அங்கேதான் தெளிவாகக் காணப்படுகின்றது.

இவ்விரு தோட்டங்களின் வேறுபாட்டை அவற்றிலுள்ள செடிகளும் காட்டுகின்றன. தேயிலை இயல்பிலே மரமாக வளரக்கூடியது. அதனை இடுப்பளவில் நிறுத்தி, வாரத்துக்கொருமுறையோ பத்து நாட்களுக்கொருமுறையோ தளிரைக் கிள்ளி, நான்கைந்து ஆண்டுகளுக்கொருமுறை கவ்வாத்து வெட்டி, என்றும் தளிர்க்கும் நிலையிலேயே வைத்திருப்பர். அது பூத்துக் காய்ப்பதைத் தோட்டம் விரும்புவதில்லை. பூத்தால் விளைச்சல் குறையும். வீட்டுப் பாத்தியில் நிகழ்வது வேறு. கொடியில் முதலில் திரண்ட நல்ல பூசணிக்காய் ஒன்றைத் தொடாது விட்டுவிடுகின்றனர்; போஞ்சியில் நாலைந்து நெற்றுகள் காயும்வரை கொடியிலேயே விடப்படுகின்றன. அவை விதைக்கு. வீட்டில் பற்றாக்குறை இருக்கும் நாளிலும் அதில் கைவைப்பதில்லை. ஆடி மாதத்து மழையில் இருக்கப்போகும் பசியையும் அதற்கடுத்த பங்குனியில் வரப்போகும் பருவத்தையும் கருதி, இன்று உண்ணக்கூடியதை உண்ணாமல் விடுகின்ற அச்செயல் ஒழுக்கத்தின் மிகப் பழைய வடிவங்களுள் ஒன்றாகும். நாட்கூலியில் வாழ்வோர் நாளையைப் பற்றி எண்ணாதோர் என்று கூறுவோர், அவர்தம் பூசணிக்கொடியைக் கண்டதில்லை.

இனி, இவ்வுவகையைப் போற்றுவதற்கு எதிராகக் கூறத்தக்க இரு தடைகளை எதிர்கொள்ளல் வேண்டும். முதலாவது தடை பொருளாதாரம் சார்ந்தது. தொழிலாளி தன் மரக்கறியைத் தானே விளைத்துக்கொள்வானாயின், அவனுக்குக் கொடுக்கும் கூலியைக் குறைவாகவே வைத்திருத்தல் இயலும். அவ்வகையில் வீட்டுத்தோட்டம் தொழிலாளிக்கு ஒரு கொடைபோலத் தோன்றினும், உண்மையில் அவனது ஓய்வுநாளின் உழைப்பு, கூலி கொடுப்போரின் செலவைத் தாங்கும் மறைமுக உதவியாகிவிடுகின்றது. இத்தடையில் உண்மை உண்டு. 1973, 1974ஆம் ஆண்டுகளின் உணவுத் தட்டுப்பாட்டின்போது தோட்டங்களில் பட்டினியும் சாவும் மலிந்தன. அன்று பாத்தி இன்பத்துக்குரியதாக இருக்கவில்லை, உயிர்தரிக்கும் வழியாக இருந்தது. பசியால் கொத்தப்படும் நிலத்தை நோக்கி, ‘என்ன இனிய பொழுதுபோக்கு’ எனக் கூறுவது கொடுமை.

இரண்டாவது தடை உளவியல் சார்ந்தது. நீதி மறுக்கப்பட்டோர்க்குச் சிறு இன்பங்கள் மயக்கமருந்தாகின்றன. பாத்தியில் மகிழ்பவன் பிரட்டுக்களத்தில் எதிர்த்து நிற்கமாட்டான் என்பது அது. உலகினின்று ஒதுங்கித் தோட்டத்தில் நிறைவு காணும் மெய்யியலுக்கு நெடிய மரபு உண்டு. கி.மு. நான்காம் நூற்றாண்டின் இறுதியில் எபிக்கியூரஸ் ஏதென்ஸ் நகரில் ஒரு தோட்டத்திலேயே தம் பள்ளியை அமைத்தார். 1759இல் வெளிவந்த வோல்ட்டயரின் ‘கந்தீத்’ என்னும் கதை, உலகத் துன்பங்களையெல்லாம் கண்டு மீண்டோர் ஒரு சிறு தோட்டத்தில் கூடி உழைப்பதோடு முடிகின்றது. ஆயினும் எபிக்கியூரஸின் தோட்டத்திலே பெண்களும் அடிமைகளும் மாணாக்கராக ஏற்கப்பட்டனர் என்பதை மறத்தலாகாது. வெளியுலகம் மறுத்த சமத்துவம் உள்ளே நடைமுறையில் இருந்தது. அத்தகைய தோட்டம் உலகை மறக்கச் செய்வதற்குப் பதிலாக, உலகம் எவ்வாறு இருத்தல் கூடும் என்பதை நினைவூட்டிக்கொண்டிருக்கும்.

இவ்விரு தடைகளுக்குமான மறுமொழி ஒன்றே. உவகையைக் கூலிக்கு ஈடாகக் காட்டுதல் பிழை. அவ்வுவகையே இல்லையெனக் கூறுதலும் பிழை. முன்னையது தொழிலாளியின் உரிமையைப் பறிக்கின்றது. பின்னையது அவனது அனுபவத்தைப் பறிக்கின்றது. ஞாயிற்றுக்கிழமை அவன் அடையும் நிறைவு ஒரு சான்று. மண்வேலை இழிந்ததன்று, தனக்கு அதில் வெறுப்புமில்லை, வெறுப்புக்குரியது அதனைச் செய்விக்கும் முறையே என்பதற்கு அவனே சாட்சி. உழைக்க விருப்பமற்றோர் என்னும் பழிக்கு, ஓய்வுநாளிலும் தாமாக விரும்பி மண்ணைக் கொத்தும் மக்களின் காட்சியிலும் மேலான மறுப்பு வேண்டியதில்லை.

ஓய்வு எவருக்கு உரியது என்னும் வினா அண்மைக்காலத்தில் இலங்கையில் விசித்திரமான முறையில் எழுந்தது. 2021ஆம் ஆண்டில் இரசாயன உர இறக்குமதி தடைசெய்யப்பட்டமை தேயிலையையும் மலைநாட்டு மரக்கறிச் செய்கையையும் ஒருங்கே தாக்கியது. அடுத்த ஆண்டு பொருளாதார நெருக்கடி உச்சமடைந்தது. 2022 யூன் மாதத்தில், எரிபொருள் தட்டுப்பாட்டைக் கருதியும் வீட்டுத்தோட்டம் செய்து உணவு விளைவிப்பதற்கு வசதியாகவும், அரச ஊழியருக்கு மூன்று மாத காலத்துக்கு வெள்ளிக்கிழமைகளில் விடுமுறை அளிக்க அமைச்சரவை அனுமதி வழங்கியது. பாத்தி கட்டுவதற்கு நேரம் வேண்டும், அந்நேரம் ஊதியக் குறைப்பின்றித் தரப்படவேண்டும் என்பதை அரசே ஒப்புக்கொண்ட நிகழ்ச்சி இது. ஆனால் அந்த வெள்ளிக்கிழமை நாட்கூலித் தோட்டத் தொழிலாளியை எட்டவில்லை. மண்ணை நன்கறிந்த கைகளுக்கு நேரம் இல்லை; நேரம் பெற்றோருள் பலருக்கு மண் பழக்கமில்லை. நேரமும் நிலமும் அறிவும் ஒரே கையில் சேர்வதே வீட்டுத்தோட்டத்தின் இன்பம் என்பது இந்நிகழ்ச்சியால் தெளிவாகின்றது.

நேரம் பற்றிய இவ்வினாவைக் குடும்பத்துக்குள்ளும் எழுப்புதல் நேர்மையாகும். கொழுந்தெடுப்போரில் மிகப் பெரும்பாலோர் பெண்கள். ஞாயிற்றுக்கிழமையில் பாத்திக்கு வருமுன் தாய் பீலிக்கரையில் ஒரு வாரத்து உடுப்புகளைத் தோய்த்திருப்பாள், விறகு கட்டியிருப்பாள், ரொட்டியும் சம்பலும் அவள் கையால் ஆனவையே. மாலையில் ஏனையோர் இஸ்தோப்பில் அமர்ந்திருக்கையில் அவள் அடுப்படியில் நிற்பாள். குடும்பத்தின் உவகை என ஒரே சொல்லால் குறிக்கப்படுவதில் ஒருவரது ஓய்வு மற்றொருவரது வேலையின்மேல் நிற்குமாயின், தேயிலைத் தோட்டத்தின் அநீதி சிறு அளவில் வீட்டுத்தோட்டத்திலும் புகுந்துவிட்டது என்பதே பொருள். லொக் தம் பணியாளின் கையைத் தம் கையாகக் கணித்தாற்போலத் தாயின் கையைக் குடும்பத்தின் கையாகக் கணித்துவிடுதல் எளிது. எருச் சுமந்த மகன் அன்றிரவு பாத்திரமும் கழுவுவானாயின், இக்கட்டுரையின் வாதத்தை அவன் மெய்யியல் படியாமலே விளங்கிக்கொண்டவனாவான்.

குடியுரிமையிலிருந்து விலக்கப்பட்டோரின் பிரச்சினை பல சட்டங்களைக் கடந்து 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டத்துடன் பெரும்பாலும் தீர்க்கப்பட்டது. நிலம் பற்றிய வினா இன்னும் தீர்ந்தபாடில்லை. அண்மை ஆண்டுகளின் வீடமைப்புத் திட்டங்களில், இந்திய உதவியுடன் கட்டப்பட்ட வீடுகள் உட்பட, குடும்பமொன்றுக்கு ஏழு பேர்ச்சஸ் நிலம் என்பது அளவாகக் கொள்ளப்பட்டது. ஏழு பேர்ச்சஸ் என்பது ஏறத்தாழ 1,900 சதுர அடி. 550 சதுர அடியில் வீடு எழுந்தபின் எஞ்சுவது 1,350 சதுர அடி; வழியும் வடிகாலும் போக ஒரு சில பாத்திகளுக்கு இடமுண்டு. ஒரு நூற்றாண்டுக்கு மேலாக உழைத்தோர்க்கு இஃது அதிகமா குறைவா என்பதைக் கணக்கு மட்டும் தீர்மானிக்காது. எஞ்சும் நிலத்தில் குடும்பம் ஒன்று தன் எண்ணத்தால் விதைத்து, தன் கண்முன் பயன்கண்டு, தன் பிள்ளைக்குக் கையளிக்க இடமுண்டா என்பதே அளவுகோலாதல் வேண்டும். லயங்களில் இன்னும் வாழும் பல்லாயிரம் குடும்பங்களுக்கும் இதே அளவுகோலே பொருந்தும்.

ஆகவே தொடக்கத்தில் எழுந்த வினாவுக்கு இவ்வாறு விடை கூறலாம். உழைப்பு துன்பமாவதும் இன்பமாவதும் உடலின் அசைவைப் பொறுத்ததன்று. எண்ணமும் பயனும் கையளித்தலும் உழைப்போரிடமிருந்து பிரிக்கப்பட்ட இடத்தில் அது துன்பமாகின்றது. அவை உழைப்போரிடமும் அவரோடு சேர்ந்துண்போரிடமும் ஒன்றுகூடும் இடத்தில் அது உவகையாகின்றது. சட்டம் உடைமையைப் பின்னர் வழங்கலாம், வழங்காதும் விடலாம். ஆனால் அவ்வுவகையைக் கண்டபின் அதனை வழங்காதிருத்தற்குச் சொல்லக்கூடிய நியாயம் எதுவும் எஞ்சுவதில்லை. இரு தோட்டங்களையும் ஒரே சொல்லால் குறித்த தமிழ், அவை ஒன்றாகக்கூடிய காலத்தை எதிர்நோக்கியே அவ்வாறு செய்தது என்று கூறுவது மிகையாகலாம். ஆயினும் சித்திரை விடுமுறை முடிந்து, கொழும்புக்குப் பேருந்து ஏறும் மகனின் பொதியில் தாய் ஒரு காகிதச் சுருளை வைக்கின்றாள். அதனுள் சென்ற ஆண்டுப் பூசணியின் விதைகள் இருக்கின்றன. அவன் தங்கும் அறையைச் சுற்றி மண் உண்டா என்பதை அவள் அறியாள். என்றேனும் ஒருநாள் இருக்கும் என்பதே அவளது கணக்கு.